டாக்கர் படிக்கும்போது கடிகாரத்தையும் பாருங்கள்

நோட் ஜேஎஸ் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) செயலியை டாக்கர் கன்டெய்னரில், அதாவது செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாக அடைத்து ஓட்டும் பெட்டியில், போடக் கற்றுக்கொண்டபோது, முதல் இரண்டு வாரம் யாரோ எழுதிய டாக்கர்ஃபைலை (அந்தப் பெட்டியைத் தயாரிக்கும் செய்முறைக் குறிப்பு) அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தேன். ஓடியது. ஏன் ஓடுகிறது என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். எங்கெல்லாம் காத்திருக்கிறேன் என்று கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

முதல் காத்திருப்பு பில்டில், அதாவது டாக்கர்ஃபைலைப் படித்து டாக்கர் இமேஜ் தயாரிக்கும்போது. ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் எல்லா பேக்கேஜும் மறுபடி இறங்கும். முழு ஃபோல்டரையும் காப்பி செய்துவிட்டு, அப்புறம் இன்ஸ்டால் கொடுத்திருந்தேன், அதுதான் காரணம். டாக்கர்ஃபைலின் படிகளை டாக்கர் லேயர் லேயராகச் சேமித்து வைக்கிறது. ஒன்று மாறினால் அதற்குப் பின்னால் வரும் அத்தனையையும் புதிதாகச் செய்யும். ஆகவே பேக்கேஜ் ஜேசனையும் (தேவையான பேக்கேஜ்களின் பட்டியல்) லாக் ஃபைலையும் (அவற்றின் துல்லியமான பதிப்புகள்) மட்டும் முதலில் காப்பி செய்து, நோடின் பேக்கேஜ் நிறுவியான என்பிஎம்மில் ‘என்பிஎம் சிஐ’ ஓட்டிவிட்டு, மீதியைக் கடைசியில் காப்பி செய்யுங்கள். (‘சிஐ’ ஏன் என்றால், லாக் ஃபைலில் இருக்கும் பதிப்பையே அது நிறுவும். பேக்கேஜ் ஜேசனோடு முரண்பட்டால் பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.) பேக்கேஜ்கள் இறங்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை டாக்கர்இக்னோரில் (காப்பி செய்யக் கூடாதவற்றின் பட்டியல்) சேர்த்துவிடுங்கள்.

பிரவுசரில் எதுவும் வரவில்லையா? போர்ட்டைத் திறந்துவிட்டும் வராவிட்டால், செயலி 127.0.0.1-இல், அதாவது கன்டெய்னருக்குள் இருந்து வரும் இணைப்புகளை மட்டும், கேட்கிறதா என்று பாருங்கள். எல்லா முகவரியிலும் கேட்கும்படி 0.0.0.0 என்று மாற்றினால் சரி.

இன்னொரு காத்திருப்பை மாதக்கணக்கில் சகித்துக்கொண்டேன். கன்டெய்னரை நிறுத்த ‘டாக்கர் ஸ்டாப்’ கொடுத்தால் ஒவ்வொரு முறையும் 10 நொடி ஆகும். டாக்கரே அப்படித்தான் போல என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஸ்டாப் முதலில் சிக்டெர்ம் சிக்னலை அனுப்பி, நிறுத்தச் சொல்கிறது. 10 நொடியில் நிற்காவிட்டால் சிக்கில் அனுப்பி ஒரேயடியாக முடித்துவிடும். கன்டெய்னருக்குள் முதலில் தொடங்கும் நிரல்தான் 1-ஆம் எண் ப்ராசஸ். அந்த எண்ணுக்கு லினக்ஸில் தனிச் சலுகை உண்டு: சிக்டெர்முக்கு நாமே ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓடும் கோட்) எழுதாவிட்டால் அந்தச் சிக்னல் காற்றோடு போய்விடும். பிறகு சிக்கில் வரும்போது பாதியில் இருக்கும் ரிக்வெஸ்டுகளும் சேர்ந்து சாகும்.

ரன் கட்டளையில் ‘--இனிட்’ சேர்த்தால், 1-ஆம் எண்ணில் ஒரு சிறு ப்ராசஸ் உட்கார்ந்து சிக்னலைக் கடத்துவதால் சிக்னல் வேலை செய்யும், ஆனால் பாதியில் நிற்கும் ரிக்வெஸ்டுகளை அது காப்பாற்றாது. ஹேண்ட்லர் எழுதி, அதில் சர்வரை க்ளோஸ் செய்தேன். டாக்கர்ஃபைலின் கடைசி வரியிலும் ‘என்பிஎம் ஸ்டார்ட்’டை எடுத்துவிட்டு, சிக்னல் நேராக நோடுக்கே போகும்படி சதுர அடைப்புக்குள் நோடையே அழைத்தேன். அடுத்த ஸ்டாப் ஒரு நொடிகூட எடுக்கவில்லை. ‘டாக்கர் பிஎஸ் -ஏ’ கொடுத்துப் பார்த்தால், எக்சிட் கோட் 137 (சிக்கிலால் முடிக்கப்பட்டது) இருந்த இடத்தில் 0 (ஒழுங்காக முடிந்தது).