வாய்க்கால் ஆருடையது, லீவு ஆர் விடுவது

2024 மாரிக்கு முன் எங்கள் ஒழுங்கை வாய்க்காலைத் துப்புரவாக்க நான் அலைந்ததையும், அதே மழைக்குள் மகனின் உயர்தரப் பரீட்சை நின்று நின்று நடந்ததையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். புரட்டாதி பிறந்தால் போதும், "உங்கட பக்கம் எப்படிச் செய்தனீங்கள்?" என்று யாராவது கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. வழுக்கையாறு அளவெட்டிப் பக்கமிருந்து அராலிக் கடலுக்கு ஓடும், அதுவும் மாரியில் மட்டும்தான். நிலம் தட்டை. பெய்கிற தண்ணீர் குளத்துக்குள் போகவேண்டும், குளம் நிரம்பினால் வாய்க்கால் வழியே கடலுக்குப் போகவேண்டும், நடுவில் ஒரு மதகு அடைத்தாலும் பின்னால் இருக்கிற வளவெல்லாம் தண்ணீர் நிற்கும். 2008 நிஷா புயலில் கொட்டித் தீர்த்தது, அதற்கு எந்த வாய்க்காலும் தாங்காது, சரி. நான் சொல்வது சாதாரண மழையை. ஒரு இரவு பெய்தாலே விடியப் படலைக்கு வெளியே முழங்காலளவு தண்ணீர்.

அந்த வருடம் மகன் சோதனை எழுத இருந்தபடியால் ஆவணி மாதமே தொடங்கிவிட்டேன். முதல் சிக்கல் யாரிடம் போவது என்பதுதான். உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சோடு முடிந்துவிட்டது, தேர்தல் 2025 மே மாதம்தான் நடந்தது, ஆகவே இடையில் எங்கள் வட்டாரத்துக்கு உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. முன்பென்றால் தெரிந்த ஒருவரைச் சந்தியில் பிடித்து "அண்ணை, இந்த வாய்க்காலை ஒருக்கால் பாருங்கோ" என்று சொல்லலாம், அந்த வழியும் இல்லாமல் போனது. போதாக்குறைக்கு செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், கச்சேரியிலிருந்து (மாவட்டச் செயலகம்) கிராம சேவகர் வரைக்கும் எல்லோரும் தேர்தல் கடமையில்.

முதலில் உள்ளூராட்சி சபை அலுவலகத்துக்குப் போனேன். முன்மேசையில் இருந்த பிள்ளை நல்ல மரியாதையாகத்தான் கதைத்தா. "சோலைவரி கட்டின துண்டு இருக்கா சேர்?" வீடு வளவுக்குச் சபைக்குக் கட்டுகிற வரி அது, துண்டு இருந்தது. கடிதத்தை வாங்கினா, பிரதியில் திகதி முத்திரை குத்தித் தந்தா. (இந்த முத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்.) சில கிழமை கழித்துப் போனால், அந்த மதகு தங்களுடையது இல்லை, வீதிக்காரருடையது, அதாவது வீதித் திணைக்களத்துடையது என்றார்கள். வீதிக்காரரிடம் போனால், வாய்க்காலைத் துப்புரவாக்காமல் மதகை மட்டும் கிண்டி என்ன பிரயோசனம், முதலில் அவர்களைச் செய்யச் சொல்லுங்கள் என்றார்கள். இரண்டுமே நியாயமான கதைதான், அதுதான் கோபமாக இருந்தது.

விஷயத்தை நகர்த்தியது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், எல்லா அரச அலுவலகத்திலும் தகவல் அதிகாரி என்று ஒருவர் இருக்கவேண்டும், விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். நான் முறைப்பாடு ஒன்றும் எழுதவில்லை. கேள்விதான் கேட்டேன்: இன்ன ஒழுங்கையின் வாய்க்கால் எந்த நிறுவனத்தின் பொறுப்பு, அது பெருவீதியைக் கடக்கிற மதகு எந்த நிறுவனத்தின் பொறுப்பு, கடைசியாக எப்போது துப்புரவாக்கப்பட்டது. பதில் கடிதத் தலைப்பில் கையெழுத்தோடு வந்தது. ஒழுங்கைக்குள் இருப்பது உள்ளூராட்சிக்கு, மதகு மாகாண வீதித் திணைக்களத்துக்கு. கடைசியாகத் துப்புரவாக்கிய திகதிக்கு நேரே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள்.

அந்தப் பதிலின் பிரதியை இரண்டு இடத்துக்கும், பிரதேச செயலகத்துக்கும் கொடுத்தேன். அதற்குப் பிறகு யாரும் "எங்களுடையது இல்லை" என்று சொல்லவில்லை. ஐப்பசிக்குள் சபைத் தொழிலாளர்கள் வந்தார்கள், மண்வெட்டியோடும் கைவண்டிலோடும். உள்ளே இருந்து வந்ததைப் பார்க்கவேண்டும்: சோடாப் போத்தல், தேங்காய் மட்டை, வாழைக்குற்றி, யாரோ மதில் இடித்த கல், ஒரு முழுப் பிளாஸ்ரிக் கதிரை. வாய்க்காலுக்குள் கதிரையைப் போட்டவர் எங்கள் ஒழுங்கைக்காரராகத்தான் இருக்கவேண்டும், வெளியூரிலிருந்து வந்து போட்டிருக்கமாட்டார்கள். தொழிலாளர்களில் வயதான ஒருவர் அதைத் தூக்கிக் கரையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, "ஐயா, உங்களுக்கு இருக்கக் கொண்டு வந்திருக்கிறம்" என்றார். எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுத்தான் போவார்கள். காய்ந்ததும் ஏற்றுவோம் என்பார்கள், அதற்குள் ஒரு மழை பெய்தால் அவ்வளவும் திரும்ப உள்ளே. ஒழுங்கைக்காரர் காசு சேர்த்து ஒரு லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பிடித்து அன்றைக்கே ஏற்றிவிட்டோம். இதற்குக் காசு கேட்டபோது முறைத்தவர்களும் உண்டு, வரி கட்டுகிறோமே என்று. கேட்டது சரிதான், ஆனால் மழைக்கு அது விளங்காது.

இதை கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிற அக்காவுக்குச் சொன்னேன். அங்கேயும் இதே கதையாம், சேற்றுக்குப் பதில் பனி. நகரசபை வண்டி தெருவை வழித்துக்கொண்டு போகும்போது அள்ளுகிற பனியை வீட்டு வாசலில் தள்ளிவிட்டுப் போகும், மனிசர் திரும்ப அள்ளவேண்டும். ஆனால் ஒன்று சொன்னா, அதில்தான் எனக்குப் பொறாமை வந்தது. ரொறன்ரோவில் குடியிருப்புத் தெருக்களை எப்போது வழிப்பது என்பதற்கு அளவு எழுதி வைத்திருக்கிறார்கள், 8 சென்ரிமீற்றர். பள்ளிக்கூடம் பூட்டுவதென்றால் அன்று காலை 6 மணிக்குள் அறிவித்துவிடுவார்கள், பள்ளி பஸ் ஓடாது என்பது வேறு அறிவித்தல், பள்ளி பூட்டு என்பது வேறு அறிவித்தல். பஸ் நின்றாலும் பல நாள் பள்ளி நடக்கும். அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்றில்லை, 2025 பெப்ரவரியில் அரை மீற்றருக்கு மேல் கொட்டியபோது நடைபாதையில் பனி கிழமைக்கணக்கில் கிடந்ததென்று அதே அக்காதான் திட்டிக்கொண்டிருந்தா. ஆனாலும் எதை வைத்துத் திட்டுவது என்று அவர்களிடம் ஒரு அளவு இருக்கிறது.

எங்களிடம் லீவு விடுகிற விதம் வேறு. அதிபர் கோட்டக் கல்வி அலுவலகத்துக்குச் சொல்லவேண்டும், கோட்டம் வலயக் கல்வி அலுவலகத்துக்கு, வலயம் மாகாணத்துக்கு. தேசிய பாடசாலை என்றால் கொழும்பு அமைச்சு. முந்திய மாரி ஒன்றில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து ஈரச் சட்டை மாற்றவில்லை, லீவு என்று செய்தி வருகிறது. திரும்பப் போனால் பிள்ளைகள் நனைந்த காலுறையோடு மண்டபத்தில் வரிசையாக இருக்கிறார்கள். ஆனால் முதல் நாளே முடிவெடுக்க முடியாது என்றும் சொல்லமுடியாது. 2022 டிசம்பர் 9 காற்றின் தரம் மோசம் என்று நாடு முழுக்க அரச பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள், வடக்கு கிழக்கில் குளிருக்கு மாடுகள் செத்துக்கொண்டிருந்த நேரம், அன்று காலை நாங்கள் எழும்பும்போதே விஷயம் எல்லோருக்கும் தெரியும்.

சரி, சோதனைக்கு வருகிறேன். நவம்பர் 25 தொடங்கியது. அதற்குச் சில நாள் முன்னால்தான் வீதிக்காரர் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) கொண்டுவந்து மதகைக் கிண்டினார்கள், தலை தப்பியது. 26 காலை மகனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன், அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் பொலித்தீன் பையில், மாற்றுக் காற்சட்டை இன்னொரு பையில், செருப்பு கையில். எங்கள் ஒழுங்கையில் கணுக்கால் தண்ணீர்தான், ஓடிக்கொண்டிருந்தது. பெருவீதி கடந்து மற்றப் பக்கம்தான் மோசம்.

அன்று முழுக்க வட்ஸ்அப்பில் ஆளுக்கொரு கதை. சோதனை நிற்கிறது என்றது ஒரு குரல்பதிவு, வடக்குக்கு மட்டும் என்றது இன்னொன்று, பழைய வருடக் கடிதம் ஒன்றின் படமும் திகதியை வெட்டிச் சுற்றியது. மகன் படிப்பதா விடுவதா தெரியாமல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போனை வாங்கி வைத்துவிட்டு, பரீட்சைத் திணைக்களம் சொல்வதை மட்டும் கேட்பது என்று முடிவெடுத்தேன். அவர்களின் இலக்கம் 1911, இடர் முகாமைத்துவத்துக்கு 117, இரண்டையும் இப்போதே போனில் போட்டு வையுங்கள். 27, 28, 29 நடக்காது என்று அறிவித்தார்கள், பிறகு டிசம்பர் 3 வரை நீட்டினார்கள், 4ஆம் திகதி திரும்பத் தொடங்கியது. விடுபட்ட பாடங்கள் டிசம்பர் கடைசிவரை இழுபட்டன. பிள்ளைகளுக்கு அது பெரிய அலுப்பு, ஆனால் நாடு முழுக்க ஒரே முடிவாக எடுத்தது நல்லது. தீவுப் பக்கத்துப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள், கடல் பொங்கினால் நெடுந்தீவுக்குப் படகே ஓடாது.

வெள்ளம் வடிந்த பிறகு வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் என்று செய்தி வந்தது, ஆட்களும் செத்தார்கள். அதற்குப் பிறகு வாய்க்காலுக்குள் வெறுங்காலோடு இறங்க ஒருவரையும் விடுவதில்லை.

மிச்சம் இருப்பது ஒன்று. எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒருவர் தன்னுடைய வான் வாகனத்தை உள்ளே விடுவதற்காக வாய்க்காலுக்கு மேல் கொன்கிறீற் மூடி போட்டிருக்கிறார், உள்ளே கை விடவும் இடமில்லை, துப்புரவாக்க வந்தவர்கள் அந்த நீளத்தை அப்படியே விட்டுவிட்டுத்தான் போனார்கள். இரும்புக் கம்பித் தட்டு போடச் சொல்லிக் கேட்டால் சிரிக்கிறார். இப்போது வட்டாரத்துக்கு உறுப்பினர் இருக்கிறார், அவரிடமும் கடிதம் கொடுத்திருக்கிறேன், பிரதியில் முத்திரையோடு.