ஏழு டிகிரி

இரண்டு காதிலும் குச்சி செருகி, தலை அசையாமல் நிறுத்தி, பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே. தம்பிக்குத் தாடை ஆபரேஷன் முடிந்து இன்றோடு 6 மாதம்.

வீக்கம் வடியுமுன் அளந்தால் முகத்தின் கணக்கு தப்பிவிடும். அதற்குத்தான் இத்தனை காத்திருப்பு.

டாக்டர் திரையில் புள்ளிகள் வைத்தார். மூக்கின் வேர், மேல்தாடை, கீழ்த்தாடை. மூக்கின் வேரிலிருந்து இரண்டு தாடைக்கும் கோடு இழுத்தால் நடுவில் ஒரு கோணம். பொதுவாக 2 டிகிரி இருக்குமாம். இவனுக்கு முன்பு மைனஸ் 5; மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை முன்னே தள்ளி நின்றது.

இன்று 2.

எலும்பு நகர்ந்த அளவுக்கு உதடு நகராது என்று முப்பரிமாணப் படமும் எடுத்தார்கள்.

அந்த ஏழு டிகிரிக்காகத்தான் எல்லா போட்டோவிலும் முகவாயைக் கையால் மூடியே நின்றிருக்கிறான் என் தம்பி.

வெளியே வந்ததும் முறுக்கு கேட்டான். முதல்முறையாக முன்பல்லால் கடித்தான்.

"அக்கா, சத்தம் கேட்டுச்சா?"