காய்ந்த பிறகுதான் தெரியும்

காரின் துணி சீட்டில் கறை எடுக்கும் வேலையில் முடிவு கையோடு தெரிவதில்லை. ஈரமாக இருக்கும்போது எல்லாச் சீட்டும் சுத்தமாகத்தான் தெரியும். ஈரத்தில் துணியின் நிறம் ஒரு படி கருக்கும், மிச்சக் கறை அந்தக் கருமைக்குள் ஒளிந்துகொள்ளும். மறுநாள் காய்ந்ததும் அதே இடத்தில் திட்டு எட்டிப் பார்க்கும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் உடனே கறை எடுக்கும் மருந்தைத்தான் குறை சொல்வார்கள், இன்னும் வீரியமானது வேண்டும் என்பார்கள். பெரும்பாலும் மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கும். கோளாறு தண்ணீரில் இருக்கும்: எவ்வளவு ஊற்றினோம், அதில் எவ்வளவு திரும்ப எடுத்தோம் என்பதில்.

சீட்டின் அடுக்குகளை மனதில் வைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். மேலே இருப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் துணி. அதன் முதுகில் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு மெல்லிய ஃபோம் ஒட்டியிருக்கும். அதற்கும் கீழே கனமான குஷன். பாலியெஸ்டர் இழை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது, இழைகளுக்கு நடுவிலுள்ள சந்துகள் வழியாகக் கீழே அனுப்பிவிடும். ஃபோம் நேர் எதிர், கிடைத்ததையெல்லாம் பிடித்து வைக்கும். அதனால் மேலே கையகலம் தெரிகிற காப்பித் திட்டு அடியில் இன்னும் அகலமாகப் பரவியிருக்கலாம். மேல்துணியை மட்டும் தேய்த்துவிட்டு நிறுத்தினால், நாம் தெளித்த தண்ணீரிலேயே அடியில் உள்ள கறை கரைகிறது. மேற்பரப்பு காயக் காய, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அது மேலேறி வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும், கறை தங்கிவிடும்.

சீட்டில் விழும் மஞ்சள் வளையத்துக்கும் இதே கதைதான். திட்டை மட்டும் நனைத்துத் துடைத்தால், கரைந்த அழுக்கு ஈரத்தின் விளிம்புக்குப் போய்க் கோடு கட்டும். சில நேரம் பழைய கறையைவிட இந்தக் கோடு அசிங்கமாக இருக்கும். இதற்கு ஒரே வழி, கறை சிறியதாக இருந்தாலும் ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை அந்தப் பகுதி முழுவதையும் ஒரே சீராக, இலேசாக ஈரமாக்கித் துடைப்பது. ஈரத்தின் விளிம்பு தையலோடு முடிந்தால் கோடு தனியாகத் தெரியாது.

தண்ணீரைத் தொடுவதற்கு முன் வேக்குவம் போட வேண்டும், அதுவும் நன்றாக. சீட்டில் இருக்கும் அழுக்கில் பெரும்பங்கு உலர்ந்த மண்ணும் தூசியும்தான். நனைத்துவிட்டால் அதுவே சேறு. ஒரு கையில் மென்மையான நைலான் பிரஷால் துணியை அலைத்து, மறு கையில் குறுகிய மூக்குள்ள குழாயால் உறிஞ்ச வேண்டும். தையல் மடிப்புகளை விரல்களால் விரித்துப் பார்க்க வேண்டும். சேற்றுக் கறை ஈரமாக வந்தால் அதைக் காயவிடுவதே பாதி வேலை. காய்ந்தபின் உதிர்த்து உறிஞ்சினால் பெரும்பகுதி போய்விடும், அவசரப்பட்டுத் துடைத்தால் இழைக்குள் இறங்கும்.

அடுத்து சோதனை. எந்த மருந்தானாலும், சீட்டின் அடி ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு துளி விட்டு, சில நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்க வேண்டும். சாயம் ஏறினால் அந்த மருந்து அந்தச் சீட்டுக்கு ஆகாது. ஒற்றும் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இரண்டு: சாயம் போவது தெரியும், கறை வருவதும் தெரியும். வண்ணத் துணியில் இரண்டும் தெரியாது, போதாக்குறைக்கு அந்தத் துணியின் சாயமே சீட்டில் ஏறலாம்.

பொதுவான அழுக்குக்கு 1 லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் 1 தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. போதும். இதைப் பார்த்து ‘இவ்வளவு கொஞ்சமா’ என்று கை தானாகச் சாய்வது எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் கூடுதலாகப் போன சோப்பு துணியில் பிசுபிசுப்பாகத் தங்கி, உட்காருகிறவர்களின் உடையிலிருந்தும் காற்றிலிருந்தும் தூசியை இழுக்கும். சுத்தம் செய்த இடமே மற்ற இடங்களுக்கு முன்னால் கருக்கிறது என்றால் அங்கே சோப்பு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். கடைசி அலசலில் 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்த்தால் காரத்தன்மை தணியும், துணி விறைப்பாகவும் நிற்காது.

கறையின் வகைக்குத் தக்கபடி வழி மாறும். ரத்தம், பால், வாந்தி, வியர்வை எல்லாம் புரதம் கலந்தவை. இவற்றில் வெந்நீர் பட்டால் முட்டை வேகிற மாதிரி புரதம் இறுகி இழையைப் பற்றிக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீர்தான் சரி. அதன்பின் புரதத்தை உடைக்கும் என்சைம் கிளீனரை விட்டு, 15 முதல் 30 நிமிடம் காயாமல் ஈரமாக வைத்திருக்க வேண்டும். என்சைம் தெளித்த உடனே துடைப்பது வெறும் தண்ணீர் தெளித்துத் துடைப்பதற்குச் சமம். ஆல்கஹால், பெராக்சைடு போன்றவற்றை அதற்கு முன்னால் போட்டிருந்தால் என்சைம் செத்துவிடும், வரிசை முக்கியம். மிஞ்சிய ரத்தக் கறைக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு நன்றாகக் கேட்கும், ஆனால் அது நிறத்தையும் வெளுக்கக்கூடியது, சோதிக்காமல் தொடக் கூடாது.

காப்பி, தேநீர், பழச்சாறு ஆகியவற்றில் நிறம் தருவது தாவரச் சத்துகள். இவை அமிலத்துக்கு இளகும். ஒரு பங்கு வெள்ளை வினிகர், இரண்டு பங்கு தண்ணீர், இலேசாகத் தெளித்து 5 நிமிடம் விட்டு ஒற்றி எடுக்கலாம். சலவைக் கட்டி சோப்பு இந்த வகைக் கறையை நிலைக்கச் செய்துவிடும், திரவ டிடர்ஜென்ட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

சிக்கலே பால் கலந்த காப்பியில்தான். ஒரே கறைக்குள் புரதம், கொழுப்பு, நிறம் மூன்றும் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிவது நிறம் என்பதால் எல்லோரும் முதலில் அதையே துரத்துகிறார்கள். நிறம் போய்விடும், மூன்று நாளில் நாற்றம் கிளம்பும். ஃபோமில் தங்கிய பால் கொழுப்பைக் கிருமிகள் உடைக்கும்போது வரும் புளித்த வாடை அது. வாசனைத் திரவியம் அதை மூடாது, இரண்டும் கலந்து இன்னும் மோசமாகும். முதலில் குளிர்ந்த தண்ணீர், அடுத்து என்சைம், கடைசியில் வினிகர் என்ற வரிசையில் போக வேண்டும். பால் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அதே ஆழத்துக்கு என்சைமும் இறங்க வேண்டும் என்பதால், தண்ணீரைக் கஞ்சத்தனமாகப் பயன்படுத்தும் விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. இறக்கிய அளவை உறிஞ்சி எடுக்க இயந்திரம் இல்லையென்றால் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

எண்ணெய், கிரீஸ் என்றால் முதலில் சோள மாவையோ டால்கம் பவுடரையோ தூவி அரை மணி நேரம் விட்டு வேக்குவம் போடலாம். மீதிக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அதைச் சீட்டில் ஊற்றாமல் துணியில் நனைத்து ஒற்ற வேண்டும், வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி. பேனா மைக்கும் இதே முறைதான், ஒவ்வொரு ஒற்றலுக்கும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பாவிட்டால் எடுத்த மையை மறுபடி அச்சடிப்போம். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும், கதவுகள் எல்லாம் திறந்திருக்கட்டும். சூயிங்கம்முக்குப் பனிக்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் வைத்து இறுக வைத்துச் சுரண்டினால் முடிந்தது.

சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்துப் போடும் பழக்கத்தைப் பற்றி ஒன்று. நுரை பொங்குவதைப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிஞ்சுவது உப்புத் தண்ணீர் மாதிரி ஒரு கரைசல்தான். சோடா தனியாக வாடையைக் குறைக்கும், வினிகர் தனியாகக் கறையை இளக்கும். சேர்த்தால் இரண்டும் வீண். இது வீணாவதோடு போய்விடும், ஆனால் எல்லாக் கலவையும் அப்படியல்ல. பிளீச்சையும் வினிகரையும் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், காருக்குள் அது ஆபத்து. பெராக்சைடோடும் வினிகரைக் கலக்கக் கூடாது.

தேய்ப்பதில் வேகம் உதவாது. கடினமான பிரஷ் இழைகளை உடைத்துப் பிசிறு கிளப்பும். அந்தப் பிசிறில் ஒளி வேறு மாதிரி பட்டு, கறை போன பிறகும் அங்கே நிழல் போல ஒன்று தெரியும். அது எந்த மருந்துக்கும் போகாது.

தண்ணீரைத் தெளித்து உறிஞ்சும் இயந்திரத்தில் ஒரு முறை தெளித்தால் இரண்டு மூன்று முறை தெளிக்காமல் மெதுவாக இழுக்க வேண்டும், குழாய் மூக்கின் கண்ணாடி போன்ற பகுதியில் தண்ணீர் ஓடுவது நிற்கும் வரை. தொட்டியில் நுரை நிறைந்தால் அது மோட்டார் வரை போகும், சோப்பு அதிகம் என்பதற்கு அதுவும் ஒரு அடையாளம்.

சீட்டுக்கு அடியிலும் உள்ளேயும் மின்சாரம் இருக்கிறது. ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் சென்சார், சீட் ஹீட்டர், பக்கவாட்டு ஏர்பேக், அதன் மஞ்சள் நிற மின் இணைப்புகள். அவை இருக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கினால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிவதுவரை போகும். அந்த இணைப்புகளைக் கழற்றிப் பார்க்கும் வேலை கறை எடுப்பவருடையது அல்ல. சீட் பெல்ட்டுக்கும் இலேசான சோப்புத் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம், பிளீச் அதன் பலத்தையே குறைக்கும்.

வெயிலிலோ பிளீச்சிலோ வெளுத்த இடத்தைச் சிலர் கறை என்று காட்டுவார்கள். அங்கே எடுக்க எதுவும் இல்லை, நிறம்தான் போயிருக்கிறது. இதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் சாக்காகத்தான் கேட்கும்.

காயவைக்க வெப்பத்தைவிடக் காற்றோட்டம் முக்கியம். கண்ணாடிகளை ஏற்றி வெயிலில் நிறுத்தினால் கார் நீராவிப் பெட்டியாகி, மறுநாள் பூஞ்சை வாடை வரும். கதவுகளைத் திறந்து, மின்விசிறியைச் சீட்டை நோக்கி வைத்துப் பல மணி நேரம் விட வேண்டும். ஃபோம் வரை இறங்கிய கறை என்று சந்தேகம் இருந்தால், அந்த இடத்தில் நான்காக மடித்த காய்ந்த வெள்ளைத் துணியை வைத்து மேலே பாரம் ஏற்றி இரவு முழுக்க விடலாம். மேலேறும் ஈரம் சீட்டின் மேற்பரப்பில் நிற்காமல் துணிக்குள் போகும். காலையில் எடுத்துப் பார்த்தால் மஞ்சள் வட்டம் துணியில் இருக்கும்.