டிரெய்லரை எவ்வளவு ஆழம் இறக்குவது?

தனியாகக் கடலுக்குப் போய்வருகிறேன் என்று சொன்னால் பலரும் முதலில் கேட்பது, திரும்பி வந்து படகை டிரெய்லரில் எப்படி ஒற்றை ஆளாக ஏற்றுகிறீர்கள் என்பதுதான். கேட்பவரின் பார்வை என் தோள்களை ஒருமுறை அளந்து மீளும். தோளுக்கு அங்கே அதிக வேலை கிடையாது. டிரெய்லர் நீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கி நிற்கிறது என்பதே ஏறக்குறைய எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைத் தேவைக்கு மேல் ஆழமாக இறக்கிவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

என்னுடையது 4.2 மீட்டர் நீளமுள்ள அலுமினியப் படகு. மோட்டார், எரிபொருள், பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி என எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 350 கிலோ வரும். அதை நான் இறக்குவதும் ஏற்றுவதும் மெல்பர்னுக்குத் தென்கிழக்கே உள்ள வெஸ்டர்ன்போர்ட் விரிகுடாவில். பக்கத்திலேயே இருக்கும் போர்ட் ஃபிலிப் விரிகுடாவில் கடல் பெருகுவதற்கும் வற்றுவதற்கும் இடையே ஒரு மீட்டர்கூட வேறுபாடு இராது. வெஸ்டர்ன்போர்ட்டில் அது சில நாட்களில் மூன்று மீட்டரை நெருங்கும். சுமார் 680 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த விரிகுடாவில், கடல் வற்றும்போது 270 சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சேற்றுத்திட்டுகள் வெளியே தெரியும். காரால் டிரெய்லரை நீருக்குள் இறக்கும் படகுச் சாய்தளங்கள் ஏறக்குறைய எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் கட்டப்படுவதால், கடல் ஒரு மீட்டர் இறங்கினால் நீரின் விளிம்பு எட்டு மீட்டர் பின்வாங்கிவிடுகிறது. காலையில் படகை இறக்கிய இடம் மாலையில் வெறும் கான்கிரீட்டாக இருக்கும். அதற்குக் கீழே, பாசி படிந்து வழுக்கும் பகுதியில்தான் நாம் நிற்க வேண்டியிருக்கும். கடல் இன்னும் வற்றினால் கான்கிரீட்டே முடிந்துபோகும். அதன் விளிம்பைத் தாண்டி இறங்கிய சக்கரத்தைத் திரும்ப மேலே ஏற்றுவது காருக்கும் அச்சுக்கும் கெடுதல். ஆகவே எந்த நேரத்தில் கரை திரும்புவது என்பதை மீன் கடிப்பதை வைத்து நான் முடிவு செய்வதில்லை. கடல் பெருக்கு அட்டவணையை வைத்தே முடிவு செய்கிறேன்.

இருவர் இருந்தால் ஒருவர், டிரெய்லரின் முன்கம்பத்தில் படகை இழுக்கும் பட்டையை உருளையில் சுற்றும் வின்ச்சின் கைப்பிடியைச் சுற்றுவார், மற்றவர் படகின் பின்பக்கம் காற்றில் விலகாமல் பிடித்துக்கொள்வார். அந்த இரண்டாவது ஆளின் வேலையை டிரெய்லரிடமே ஒப்படைப்பதுதான் தனியாளின் உபாயம். டிரெய்லரை ஆழமாக இறக்கினால், படகைத் தாங்கி உருளும் ரோலர்கள் எல்லாம் நீரில் மூழ்கிவிடும். படகு அவற்றுக்கு மேலே தொடாமல் மிதக்கும். அதை நடுவே நிறுத்தி வைக்க எதுவும் இராது. சுற்றும்போது சுலபமாக வரும், ஆனால் காரை மேலே இழுத்ததும் படகு கோணலாக அமர்ந்திருப்பது தெரியும். நேராக அமர்ந்தாலும், மிதக்கும் படகு கிடைமட்டமாகவும் டிரெய்லர் சரிவாகவும் இருப்பதால், சமதளத்துக்கு வந்த பிறகு படகின் முன்பக்கமான அணியத்துக்கும் முன்னே உள்ள ரப்பர் தடுப்புக்கும் இடையே இடைவெளி விழுந்திருக்கும்.

அதனால் நான் பின்கோடி ரோலரின் மேல்விளிம்பு நீர்மட்டத்தைத் தொடும் அளவிலேயே நிறுத்திவிடுகிறேன். படகின் அடிநடுவில் நீளமாக ஓடும் ஏரா அந்த ரோலரின் பள்ளத்தில் ஏறி உட்கார்ந்ததும், அணியம் தன் எடையாலேயே அங்கு நிலைகொள்கிறது. பின்பக்கம் மட்டும் மிதந்துகொண்டிருக்கும். அது சற்று விலகினாலும் ஒரு கயிற்றால் திருப்பிக்கொள்ளலாம். சரிவு அதிகமான தளத்தில் இதைவிடக் கொஞ்சம் மேலேயும், தட்டையான தளத்தில் கொஞ்சம் கீழேயும் நிறுத்த வேண்டும். இந்த அளவு ஒவ்வொரு தளத்துக்கும் வேறுபடும் என்பதால், டிரெய்லரின் மட்கார்டில் நீர் எதுவரை வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது உதவும்.

ஆழத்தைக் குறைத்தால் இழுக்கும் பாரம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பயம் அடங்கிவிடும். 350 கிலோ எடையை எட்டுக்கு ஒன்று சரிவில் மேலே இழுக்க 44 கிலோ அளவு விசை போதும். ரோலர்களின் உராய்வையும் சேர்த்து அதை 70 என்றே வைத்துக்கொள்வோம். ஐந்துக்கு ஒன்று பற்சக்கரமும், உருளையின் ஆரத்தைப் போல எட்டு மடங்கு நீளமான கைப்பிடியும் உள்ள வின்ச் அந்த விசையை நாற்பதில் ஒரு பங்காக்குகிறது. இரண்டு கிலோவுக்கும் குறைவு. வின்ச்சின் சொந்த உராய்வையும் சேர்த்தால் மூன்று கிலோ. சுற்றுவது நீண்ட வேலையே தவிர கடினமான வேலை அன்று. பட்டை உருளையில் சுற்றிச் சுற்றித் தடிக்கும்போது ஆரம் கூடுவதால், படகின் முழு எடையும் ரோலர்களுக்கு வந்துவிட்ட கடைசி ஒரு மீட்டரில்தான் கைப்பிடியும் மிகக் கனமாகிறது. அங்கே மூச்சு வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் பற்சக்கரத்தைத் தடுத்து நிறுத்தும் நாக்கு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் கைப்பிடியை விடக் கூடாது. பாரத்தோடு எதிர்த்திசையில் சுழலும் கைப்பிடி மணிக்கட்டை முறித்துவிடும். வின்ச்சுக்கு நேர்பின்னே முகத்தை நீட்டி நிற்பதும் வேண்டாத பழக்கம்.

மோட்டாரை முடுக்கிப் படகை நேராக டிரெய்லர்மேல் ஓட்டி ஏற்றுகிறவர்களும் உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. உந்துவிசிறி தள்ளும் நீர் சாய்தளத்தின் அடிமண்ணை அரித்துக் குழி பறிக்கிறது என்பதோடு, காரருகே யாரும் இல்லாத தனியாளுக்கு, ஏறிய படகு பின்வழுக்காமல் கொக்கியை மாட்ட அணியத்துக்கு மேலே குனிந்து தவழ வேண்டியும் இருக்கிறது. எனக்கு அதில் விருப்பமில்லை.

காற்றுதான் உண்மையான எதிராளி. கோடைப் பிற்பகலில் தெற்கிலிருந்து கடற்காற்று எழும்போது, இலேசான அலுமினியப் படகு காகிதக் கப்பலைப் போல் பக்கவாட்டில் நழுவும். ஜெட்டியில் காற்றுக்கு மறுபுறமாகக் கட்டினால் படகு ஜெட்டியில் மோதாமல் விலகியே நிற்கும். கடல் வற்றிக்கொண்டிருந்தால், கயிற்றைத் தளர்வாக விடாவிட்டால் நீர் இறங்க இறங்கப் படகு கயிற்றில் தொங்கத் தொடங்கும். அணியத்தில் ஒன்றும் பின்பக்கத்தில் ஒன்றுமாக, ஒவ்வொன்றும் படகைவிட நீளமான இரண்டு கயிறுகள் வேண்டும். காரைப் பின்னோக்கி இறக்கி நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரையும் போட்ட பிறகு, இரு கயிறுகளையும் கையில் பிடித்தபடி படகை ஜெட்டியோரமாக நடத்திக்கொண்டு வந்து, காற்று வரும் பக்கம் நானே நின்று அணியத்தை ரோலருக்குக் காட்டுவேன். பின்கயிறு வின்ச் கம்பத்தில் ஒரு சுற்றுப் போடப்பட்டிருக்கும். விலகினால் அதை இழுப்பேன். வெறும் டிரெய்லர் காரின் கண்ணாடியில் தெரியாது என்பதால், அதன் பின்கோடியில் இரண்டு வெள்ளைக் குழாய்களை நிமிர்த்திப் பொருத்தியிருக்கிறேன்; பின்னோக்கி ஓட்டவும் படகை நடுவே வழிகாட்டவும் அவை ஒரே நேரத்தில் பயன்படுகின்றன.

4.8 மீட்டர் வரையிலான மோட்டார் படகு ஓடும்போது திறந்த பகுதியில் இருப்பவர்கள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்க வேண்டும் என்பது மெல்பர்ன் உள்ள விக்டோரியா மாநிலத்தின் சட்டம். பாசியில் கால் வழுக்கி இடுப்பளவு நீரில் தலை மோதினால் தூக்கிவிட ஆள் இல்லாதவர், படகு பட்டையில் மாட்டப்படும் வரை அதைக் கழற்றாமல் இருப்பது நல்லது.

டிரெய்லரின் விளக்கு இணைப்பை நீரில் இறக்குமுன் கழற்றிவிட வேண்டும். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கர பேரிங்குகளைக் காலையில் உடனே குளிர்நீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், படகைத் தயார் செய்வதை அந்தச் சூடு தணியும் நேரமாக வைத்துக்கொள்ளலாம்.

2019-இல் விக்டோரியாவின் பொதுச் சாய்தளங்களில் கட்டணம் நீக்கப்பட்டது. ஸ்னாப்பர் மீன் வரும் அக்டோபர், நவம்பர் வார இறுதிகளில் வரிசை நீண்டுவிடும். பின்னால் காத்திருப்பவரின் பொறுமை தனியாளை அவசரப்படுத்தும். அணியத்தில் பாதுகாப்புச் சங்கிலியை மாட்டி, மோட்டாரை உயர்த்திவிட்டு, தளத்தை விட்டு மேலே வந்துவிடுங்கள். வடிகால் தக்கையைக் கழற்றுவது, பின்பக்கப் பட்டைகளை இறுக்குவது, விளக்கை மீண்டும் இணைப்பது, மோட்டாரை நன்னீரில் கழுவுவது எல்லாம் ஒதுக்குப்புறமாக நிறுத்திய பிறகு செய்யலாம்.