சுவர் இல்லாதவர்கள் மீது சுமத்தப்படும் குற்றங்கள்

வீடில்லாமல் தெருவில் வாழ்பவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே புகார்ப் பட்டியல்தான் காதில் விழுகிறது. குளிப்பதில்லை, கண்ட இடத்தில் படுத்துக்கொள்கிறார்கள், பொதுவெளியில் சிறுநீர் கழிக்கிறார்கள், நடக்கும் பாதையில் மூட்டை முடிச்சுகளைப் பரப்பி வைக்கிறார்கள், பட்டப்பகலில் தூங்குகிறார்கள் என்று அது நீளும். அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாக மறுபடி படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நாமும் தூங்குகிறோம், கழிப்பறைக்குப் போகிறோம், உடைமைகளை ஓரிடத்தில் போட்டு வைக்கிறோம், சில நாள்களில் குளிக்காமலும் இருக்கிறோம். நம்முடைய அந்த வேளைகளை ஊரார் கண்ணில் படாதபடி நான்கு சுவரும் ஒரு கதவும் மறைத்துவிடுகின்றன. சுவருக்குள் மட்டுமே சாத்தியப்படும் ஒழுங்கைச் சுவர் இல்லாதவரிடம் எதிர்பார்த்து, அது இல்லை என்று கண்டதும் அவரை இழிவாக நடத்துவதும் தண்டிப்பதும்தான் வீடற்றோர் மீதான பாகுபாட்டின் அடித்தளம் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

இந்தச் சிந்தனைக்கு ஜெரமி வால்ட்ரன் என்ற சட்டத் தத்துவ அறிஞர் 1991இல் மிகத் தெளிவான வடிவம் கொடுத்தார். எந்தச் செயலைச் செய்வதற்கும் ஓர் இடம் வேண்டும்; தனியார் இடங்கள் எல்லாம் உரிமையாளரின் அனுமதிக்குக் கட்டுப்பட்டவை; ஆகவே சொந்தமாகவோ வாடகைக்கோ ஓர் இடம் இல்லாதவருக்கு எஞ்சுவது பொது இடம் மட்டுமே. அங்கேயும் தூங்கக்கூடாது, துவைக்கக்கூடாது, படுக்கை விரிக்கக்கூடாது என்று விதித்துவிட்டால், அந்த மனிதர் சட்டப்படி தூங்குவதற்கு உலகில் எங்குமே இடமில்லை என்றாகிவிடுகிறது. ஏட்டளவிலான வாதம் போலத் தோன்றும் இது, அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிறு நகரில் அப்படியே நடந்தது. பொது இடத்தில் போர்வை விரித்துப் படுத்தால் அப்போது 295 டாலர் அபராதம். கட்டத் தவறினால் அது 537 டாலருக்கு மேல் ஏறும். திரும்பத் திரும்பப் பிடிபட்டால் பூங்காவுக்குள் நுழையத் தடை. தடையை மீறினால் முப்பது நாள் வரை சிறை. வாடகை கட்ட வழியில்லாததால்தான் ஒருவர் பூங்காவில் படுக்கிறார். அவரிடம் 295 டாலர் கேட்டார்கள். இந்த விதிகள் கொடூரமான தண்டனைக்கு எதிரான அரசியலமைப்புப் பாதுகாப்பை மீறவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 28 அன்று ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தூக்கம் உடலின் தேவையே தவிரக் குற்றமல்ல என்று மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி சோனியா சோட்டோமயோர் தொடக்கத்திலேயே குறிப்பிட்டார்.

இந்தச் சட்ட மனப்பான்மைக்கு நீண்ட வரலாறு உண்டு. நெப்போலியனுக்கு எதிரான போர்கள் முடிந்து, பிழைக்க வழியில்லாமல் முன்னாள் சிப்பாய்கள் இங்கிலாந்தின் சாலைகளில் அலைந்த காலத்தில், 1824இல் அங்கே நாடோடிகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. களஞ்சியத்திலோ, ஆளில்லாத கட்டடத்திலோ, வண்டியிலோ, கூடாரத்திலோ, திறந்தவெளியிலோ தங்கிக்கொண்டு, தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் தர இயலாதவர் குற்றவாளி என்று அது வரையறுத்தது. அந்தச் சட்டத்தை நீக்க பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2022இல்தான் முடிவெடுத்தது. அதுவும் உடனே நடைமுறைக்கு வரவில்லை. அதே வேரிலிருந்து கிளைத்ததுதான் இந்தியாவின் 1959ஆம் ஆண்டு பம்பாய்ப் பிச்சை எடுத்தல் தடுப்புச் சட்டம். கண்ணுக்குத் தெரியும் பிழைப்பு வழி எதுவும் இல்லாமல் பொது இடத்தில் திரிபவர், கையேந்தாவிட்டாலும், பிச்சை எடுத்துத்தான் வாழ்வார் என்று தோன்றும்படி இருந்தால் போதும், அவரைப் பிடித்துச் செல்லலாம். ஒருவரின் தோற்றமே குற்றத்துக்குச் சான்று! டெல்லியில் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் செல்லாது என்று அறிவித்தது. அதே ஆண்டில் ஹங்கேரியோ பொது இடத்தில் வசிப்பதைத் தடைசெய்யும் வாசகத்தைத் தன் அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்தது.

சட்டம் செய்யத் தயங்கும் வேலையைக் கட்டட வடிவமைப்பு ஓசையின்றிச் செய்துவிடுகிறது. நீட்டிப் படுக்க முடியாதபடி நடுவில் கைப்பிடி வைத்த இருக்கைகள், சாய்வான தளங்கள், மூலைகளில் பதித்த கூர் ஆணிகள் எல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவை. 2014இல் லண்டனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் பதித்த ஆணிகள் மக்களின் கடும் கண்டனத்துக்குப் பிறகே அகற்றப்பட்டன. முதுகு வலியோடு நடந்து வரும் முதியவருக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும் அதே இருக்கைகள்தான் வாய்க்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

சட்டத்தையும் ஆணியையும் விட அதிகமாக மனத்தை நோகச் செய்வது அன்றாட நடத்தை. நான் வழக்கமாகப் போகும் ஒரு பொது நூலகத்தில் நடந்ததை எழுதுகிறேன். படிப்பறையின் ஓர் ஓரத்தில் நடுத்தர வயதைக் கடந்த ஒரு பெண்மணி, காலருகே இரண்டு துணிப் பைகளை வைத்துக்கொண்டு, விரித்த செய்தித்தாளின் மேல் தலை சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். அவருக்கு மூன்று மேசை தள்ளி, மடிக்கணினியை மூடி அதன் மேல் கன்னம் வைத்து, வாய் சற்றுத் திறந்தபடி ஒரு கல்லூரி மாணவர் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். காவலர் நேராக அந்தப் பெண்மணியிடம் வந்து, மேசை விளிம்பைப் பிரம்பால் தட்டி, “ஏய், எழுந்திரு, இது படுக்கிற இடமா?” என்றார். அந்த அம்மா திடுக்கிட்டு எழுந்து, முதலில் கலைந்த செய்தித்தாளை ஒழுங்காக மடித்து அதன் இடத்தில் வைத்தார். பிறகு பைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியேறினார். மாணவரும் தூங்கிக்கொண்டுதானே இருக்கிறார் என்று காவலரிடம் கேட்டேன். “அவரு படிக்கிற பையன் சார், அசந்துட்டாரு. இந்த அம்மா தினம் வருது. மத்தவங்க புகார் சொல்றாங்க, நான் என்ன சார் பண்றது?” என்றார். அவர் கெட்ட மனிதர் என்று நான் கருதவில்லை. மேலிடத்தின் விருப்பத்தையும் வாசகர்களின் முகச்சுளிப்பையும் சரியாகப் புரிந்துகொண்டு நடந்தார். ஆனால் தன் தாய் வயதுடையவரை “ஏய்” என்று அழைத்த அதே வாய், தன் மகன் வயதுடையவருக்கு “அவரு” என்ற மரியாதையைத் தானாகவே கொடுத்ததை என்னால் மறக்க முடியவில்லை. இருவரின் தூக்கமும் ஒன்றுதான். ஒருவருக்குப் போய்ச் சேர ஓர் அறை இருக்கிறது என்ற அனுமானம் அவரது தூக்கத்தை அசதியாக்கியது. அத்தகைய அறை இல்லை என்ற அனுமானம் மற்றவரின் தூக்கத்தை அத்துமீறலாக்கியது. இரவெல்லாம் பயத்தில் விழித்திருப்பவர்களுக்குப் பகலில்தான், அதுவும் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில்தான், பாதுகாப்பாகக் கண் மூட முடியும் என்பதை அந்த நூலகத்தில் எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்த எண்ணிப் பாராமை நம் மூளை வரைக்கும் இறங்கியிருக்கிறது என்று உளவியல் சொல்கிறது. லசானா ஹாரிஸ், சூசன் ஃபிஸ்க் என்னும் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட மூளை வரைபட ஆய்வில், பல்வேறு சமூகக் குழுவினரின் படங்களை மாணவர்களுக்குக் காட்டினார்கள். பிற மனிதர்களைப் பற்றி யோசிக்கும்போது வழக்கமாகச் செயல்படும் மூளைப் பகுதி, வீடற்றவர்களின் படங்களைப் பார்த்தபோது போதிய அளவு செயல்படவில்லை. அருவருப்போடு தொடர்புடைய பகுதிகள் செயல்பட்டன. எனினும், படத்தில் இருப்பவரின் விருப்பு வெறுப்புகள் என்னவாக இருக்கும் என்று யோசிக்கச் சொன்னபோது நிலைமை மாறியதாக அவர்களே அடுத்து நடத்திய ஆய்வு காட்டியது. இந்தச் செய்தியைப் பெரும் ஆறுதலாக நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் இந்த அருவருப்பு மாற்ற முடியாத இயற்கை அல்ல என்பதற்கு அது சான்று.

அருவருப்போடு சேர்ந்தே வருவது அவநம்பிக்கை. “காசு கொடுத்தால் குடித்துவிடுவான்” என்ற ஒற்றை வாக்கியம் எத்தனை பேரின் கையைச் சட்டைப்பைக்குள்ளேயே நிறுத்தியிருக்கிறது! கனடாவின் வான்கூவர் பகுதியில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வீடிழந்த ஐம்பது பேருக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் ஒரே தவணையில் 7,500 கனடிய டாலர் கொடுத்து, பணம் பெறாத மற்றொரு குழுவோடு ஓராண்டு ஒப்பிட்டார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, பணம் பெற்றவர்கள் மதுவுக்கோ போதைப்பொருளுக்கோ புகையிலைக்கோ செலவைக் கூட்டவில்லை. வீடின்றிக் கழித்த நாள்கள் அவர்களுக்கு ஆண்டில் ஏறத்தாழ நூறு குறைந்தன. காப்பகச் செலவு மிச்சமானதால் கொடுத்த தொகையை விட அதிகமாகவே சமூகத்துக்குத் திரும்பியது. கடுமையான போதைப் பழக்கமோ மனநோயோ உள்ளவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் நான் கவனிக்க விரும்புவது இதன் இன்னொரு பகுதியை. இதே தொகை கிடைத்தால் எப்படிச் செலவிடுவார்கள் என்று பொதுமக்களிடம் கேட்டபோது, வீடற்றவர் என்றால் மது, போதைப்பொருள் போன்றவற்றுக்கு வீடுள்ளவரை விட 81 சதவீதம் அதிகமாகச் செலவிடுவார் என்று அவர்கள் கணித்தார்கள்.

உடைமைகளைப் பறிப்பது தனியே பேச வேண்டிய கொடுமை. ‘சுத்தப்படுத்துகிறோம்’ என்று வரும் குப்பை லாரியில் போர்வையும் பாத்திரமும் மட்டும் போவதில்லை. மருந்துச் சீட்டு, பிறப்புச் சான்றிதழ், இறந்துபோன உறவினரின் ஒரே புகைப்படம், வேலைக்குக் காட்ட வேண்டிய அடையாள அட்டை ஆகியவையும் போகின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கழிப்பறைக்கோ சாப்பாட்டுக்கோ போய்த் திரும்புவதற்குள் தங்கள் பொருள்களை அள்ளிக்கொண்டு போய் அழித்துவிட்டதாக வீடற்றோர் வழக்குத் தொடுத்து, ஆளில்லாமல் விட்டிருந்தாலும் அவை சட்டப் பாதுகாப்புப் பெற்ற சொத்துதான் என்ற தீர்ப்பை 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பெற்றார்கள். தெருவில் பல காலம் இருப்பவர்களைக் கூர்ந்து பார்த்தால், நெகிழி உறையில் பல மடிப்பாகச் சுற்றிய காகிதக் கற்றை ஒன்றைச் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்திருப்பது தெரியும். வியர்வையில் ஓரங்கள் மஞ்சளித்து, மடிப்புகளில் எழுத்து அழிந்துபோன காகிதங்கள் அவை. அந்தக் காகிதம் தொலைந்தால் புதிது வாங்க முகவரிச் சான்று வேண்டும். முகவரி வேண்டுமானால் வாடகை கட்ட வேண்டும். வாடகைக்கு வேலை வேண்டும். வேலை தருபவர் அடையாள அட்டை கேட்பார். “வேலை செய்து பிழைக்க வேண்டியதுதானே?” என்று கேட்பவர்கள் இந்த வட்டத்தின் எந்தப் புள்ளியில் உள்ளே நுழையலாம் என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

இந்த வாழ்வு உடம்பை எப்படித் தின்கிறது என்பதற்கு ஒரு கணக்கு போதும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் வீடற்ற நிலையில் இறந்தவர்களின் சராசரி வயது ஆண்களுக்கு 45, பெண்களுக்கு 43. ஏனைய மக்களை விட முப்பது ஆண்டுக்கும் மேலாகக் குறைவு. குளிர், பசி, போதை எல்லாம் காரணங்கள்தான். ஆனால் நாற்றம் வருகிறது என்று வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்டு, வலியைச் சொன்னால் நடிப்பு என்று சந்தேகிக்கப்பட்டு, அடுத்த முறை மருத்துவமனைக்கே போகாமல் இருந்துவிடுவதும் ஒரு காரணம். தூங்கும்போது உதைக்கப்படுவதையும், மேலே தண்ணீர் ஊற்றப்படுவதையும், பெண்கள் என்றால் அதைவிடக் கொடியதையும் காவல் நிலையத்தில் போய்ச் சொல்வதற்கு, அங்கே தாமே சந்தேகத்துக்குரியவராக நடத்தப்படமாட்டோம் என்ற நம்பிக்கை முதலில் வேண்டும்.

காப்பகங்கள்தான் இருக்கின்றனவே, அங்கே போகாமல் தெருவில் ஏன் கிடக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கணவனையும் மனைவியையும் பிரித்துத் தங்கவைப்பது, காலையில் விடிவதற்குள் வெளியேற்றுவது, இரவு வேலைக்குப் போய்வருபவரை உள்ளே விடாதது, துணையாக இருக்கும் நாயை விட்டுவிட்டு வரச் சொல்வது, சேர்த்துவைத்த பொருள் திருடு போவது என்று காரணங்கள் பல. கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் பேசப்பட்ட காப்பகத்தில் சமய வழிபாட்டில் கலந்துகொள்வதும் நிபந்தனையாக இருந்தது. திருந்தி வா, பிறகு கூரை தருகிறேன் என்ற இந்த அணுகுமுறையைப் பின்லாந்து 2008இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் தலைகீழாக்கியது. முதலில் வாடகை ஒப்பந்தத்தோடு ஒரு வீடு. மருத்துவமும் ஆலோசனையும் அதன் பிறகு, விரும்பினால். 1980களின் பிற்பகுதியில் பதினைந்தாயிரத்துக்கும் மேல் இருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2022இல் நாலாயிரத்துக்கும் கீழே வந்தது. எல்லா நாடுகளிடமும் அத்தனை வீடுகள் இல்லை என்று சொல்லலாம், நானும் மறுக்கவில்லை. இரவிலும் திறந்திருக்கும் கழிப்பறைக்கும், பூட்டி வைக்க ஒரு பெட்டிக்கும், குளிக்க ஒரு குழாய்க்கும் எந்த நாடும் செல்வ நாடாக இருக்க வேண்டியதில்லை.

முகவரிச் சிக்கலுக்கும் வழி இல்லாமல் இல்லை. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் விதிமுறையில், வீடற்ற ஒருவர் வாக்காளர் பட்டியலில் சேர விண்ணப்பித்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அந்த இடத்துக்கே சென்று, அவர் அங்கேதான் உறங்குகிறாரா என்று நேரில் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் போக வேண்டும். அப்படி உறுதிசெய்துவிட்டால் வசிப்பிடத்துக்கு வேறு ஆவணம் தேவையில்லை. வாக்குக்காக ஒரு நடைபாதையை முகவரியாக ஏற்றுக்கொள்ள அரசால் முடிகிறது என்றால், வங்கிக் கணக்குக்கும், மருத்துவமனைப் பதிவுக்கும், தொலைந்த அடையாள அட்டையை மறுபடி வாங்குவதற்கும் அதே நேரடிச் சரிபார்ப்பை ஏற்கும்படி அந்தந்தத் துறைகளைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோரிக்கையை எழுத்தில் வைக்க வேண்டியவர்கள், முகவரியிட்டுக் கடிதம் அனுப்பவும் பதில் பெறவும் முடிகிற நாம்தான்.