வேன் நிழலில், பேனல் வெயிலில்

அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும். முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி ராத்திரி முழுக்க ஓடியாக வேண்டும். பின்னிருக்கையை மடித்துப் படுக்கை போட்டுக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து டேசாரு, மெர்சிங் என்று மலேசியக் கடற்கரைப் பக்கம் நாங்கள் வேனில் கிளம்பும்போதெல்லாம், "எனக்காகக் கரண்டு தேடி அலையாதீங்க, நான் வீட்லயே இருக்கேன்" என்பார். அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே வராது. சோலார் பக்கம் நான் வந்தது இதற்காகத்தான்.

எத்தனை வாட் பேனல் வாங்கலாம் என்றுதான் முதலில் விசாரித்துக்கொண்டிருந்தேன். என் மச்சான் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியன். "பேனலை விடுங்க மச்சான், ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்டு செலவாகுதுன்னு எழுதுங்க" என்றார். உட்கார்ந்து எழுதினோம். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஒரு நாளுக்கு சுமார் 500 வாட்-மணி (ஒரு வாட் கருவி ஒரு மணி நேரம் ஓட ஆகும் மின்சாரம் ஒரு வாட்-மணி). சிபாப் 240. காற்றாடி, விளக்கு, போன்கள் எல்லாம் சேர்ந்து 150. மொத்தம் 900 பக்கம் வந்தது. சிபாப் கணக்கு இவ்வளவு குறைந்ததற்குக் காரணம், அதில் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியை மருத்துவரைக் கேட்டுவிட்டு அணைத்ததுதான். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. அப்பாவுக்கு வித்தியாசமே தெரியவில்லை. இன்வெர்ட்டர் வைக்காமல், கருவிக்கு நேரடி டிசி அடாப்டர் வாங்கினேன். மின்சாரத்தை 230 வோல்ட்டுக்கு ஏற்றித் திரும்ப இறக்குவதில் போகும் நஷ்டம் அதோடு தீர்ந்தது.

பேட்டரியில் அதிகம் யோசிக்கவில்லை. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதாவது 1280 வாட்-மணி. அதே அளவு ஈய பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்க முடியும், எடையும் இரண்டு மடங்குக்கு மேல்.

தலையைப் பிய்த்துக்கொண்டது பேனலில்தான். வேன் கூரையில் நிரந்தரமாகப் பதித்துவிடுங்கள் என்றுதான் பலரும் சொன்னார்கள். குளிர் நாட்டுக்கு அது சரி. இங்கே மதியம் வெயிலில் நிறுத்திய வேனுக்குள் ஐந்து நிமிஷம் உட்கார முடியாது, மர நிழலைத் தேடித்தான் நிறுத்துவோம். நிழலில் நின்றால் கூரையில் இருக்கும் பேனலால் என்ன பயன்? ஒரு கிளையின் நிழல் குறுக்கே விழுந்தாலே மின்சாரம் பாதிக்குக் கீழே போய்விடும். வேன் நிழலில் நிற்க வேண்டும், பேனல் வெயிலில் கிடக்க வேண்டும். இது புரிந்ததும், மடிக்கிற 100 வாட் பேனல் இரண்டும் பத்து மீட்டர் வயரும் என்று முடிவு செய்தேன்.

வயர் நீளமானால் வோல்ட் குறையும். இரண்டு பேனலையும் பக்க இணைப்பில் (பேரலல்) போட்டால் 18 வோல்ட்டில் 11 ஆம்பியர். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் போக வர கிட்டத்தட்ட ஒரு வோல்ட் காணாமல் போகும். தொடராக (சீரிஸ்) போட்டால் 36 வோல்ட், ஐந்தரை ஆம்பியர்தான். நஷ்டம் அரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் தொடருக்கு எம்பிபிடி கன்ட்ரோலர், அதாவது பேனலின் அதிக வோல்ட்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவி, கட்டாயம். அங்கேதான் ஏமாந்தேன்.

இணையத்தில் மலிவாக ஒன்று வாங்கினேன். மேலே பெரிதாக எம்பிபிடி என்று அச்சடித்திருந்தது. எங்கள் பிளாக்கின் பலமாடி கார்நிறுத்துமிடத்தின் மொட்டைத் தளத்தில் மதியம் ஒரு மணிக்குப் பேனலை விரித்து மல்டிமீட்டரை வைத்தோம். பேட்டரி பக்கம் 13.2. பேனல் பக்கம் 36 அருகே காட்ட வேண்டியது 13.4 காட்டியது. "இது வெறும் பிடபிள்யூஎம், சாதாரண வகை. பேனலை பேட்டரி வோல்ட்டுக்கே இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கு" என்றார் மச்சான். 200 வாட் பேனலில் 70 வாட்கூட வரவில்லை. வாங்கியதும் இந்த ஒரு அளவை எடுத்துப் பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை. பணம் திரும்பி வர மூன்று வாரம் ஆனது. பிறகு ஜாலான் புசார் சிம் லிம் டவரில் கடை கடையாக ஏறி இறங்கி, கையில் எடுத்துப் பார்த்து வேறொன்று வாங்கினேன். ஃபியூஸையும் வயர் முனைகளையும் அங்கேயே வாங்கினேன். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

அதே மொட்டைத் தளம், அதே நேரம்: இப்போது 148 வாட். மீதி எங்கே என்றால் பெரும்பாலும் சூட்டில். பேனலின் வாட் கணக்கு 25 டிகிரிக்கானது, சூடு ஏற ஏற மின்சாரம் குறையும். காங்கிரீட்டில் கிடந்த பேனலை நான் தொட்டதும் கையை எடுத்துவிட்டேன். இரண்டு மரக்கட்டை வைத்துத் தூக்கி அடியில் காற்று போகவிட்டதும் கொஞ்சம் ஏறியது. நில நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், அதனால் பேனலைச் சாய்த்து வைக்கும் கவலை இல்லை.

சிங்கப்பூர் வெயிலை நாளுக்கு நாலரை மணி நேர முழு வெயில் என்று கணக்கு வைத்தால், நஷ்டம் போக 600 வாட்-மணிக்குக் கொஞ்சம் மேலே வரும். மீதி 300க்கு, வேன் இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து 20 ஆம்பியர் டிசி சார்ஜர் போட்டேன்; ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓட்டினால் போதும். டிசம்பர் மழையில் பேனலை நம்பவே முடியாது, அப்போது இதுதான் துணை.

போன மாதம் டேசாருவில் சவுக்கு மரத்தடியில் வேனை நிறுத்தி, பேனலை மணலில் விரித்தோம். ராத்திரி முழுக்க சிபாப் ஓடியது. காலை ஏழரைக்கு எழுந்து பார்த்தேன், பேட்டரியில் 54 சதவீதம் இருந்தது. அப்பா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்.