பாசி நாளும் பள்ளிக்கூட நாளும்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் திறக்காததுமாகப் பெற்றோர் கூட்டத்துக்கு நான் பறப்பதைப் பார்த்து, புதிதாக வந்திருக்கும் எங்கள் தலைமையாசிரியை, "என்ன அவசரம் டீச்சர், அட்மிஷன் முடியட்டுமே" என்றார். "பதினாலாம் தேதிக்கு மேல கூட்டினா ஓர் அப்பாகூட வரமாட்டார் மேடம்" என்றேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பது, பலகை மாற்றுவது, வலை பொத்துவது என்று ஆண்கள் எல்லாரும் ஊரில் இருப்பார்கள். பள்ளி திறப்பதற்கும் தடை முடிவதற்கும் நடுவே கிடைக்கிற அந்தச் சில நாளில் பிடித்தால்தான் அப்பாக்கள் சிக்குவார்கள். 2023இல் வெயில் கடுமை என்று தொடக்கப் பள்ளிகளை ஜூன் 14ஆம் தேதிதான் திறந்தார்கள். நாங்கள் மணி அடித்த அன்றைக்கு அவர்கள் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் முழுக்க அம்மாக்களையும் அப்பத்தாக்களையும் வைத்தே ஓட்டினேன்.

நான் வேலை பார்ப்பது மண்டபம் ஒன்றியத்தில், மன்னார் வளைகுடாக் கரையோரம் ஒரு சின்ன ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 47 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். ஒன்று முதல் மூன்று வரை என் பாடு. எனக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம், கண்மாய்க் கரையில் வளர்ந்தவள். 2016இல் இங்கே வந்தபோது கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது உப்பு என்பது மட்டும்தான்.

வந்த வருஷம் செய்த முதல் வேலை, சார்ட் பேப்பரில் வகுப்பறை விதிகள் எழுதி ஒட்டியது. மொத்தம் பதினான்கு. பச்சை ஸ்கெட்ச்சில் எண், சிவப்பு ஸ்கெட்ச்சில் விதி. 'காலை 9.10க்கு மேல் வருபவர்கள் வெளியே நிற்க வேண்டும்.' 'வீட்டுப்பாட நோட்டில் தினமும் பெற்றோர் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.' இப்படியே போகும். ஆசிரியர் பயிற்சியில் படித்தது, நான் படித்த பள்ளியில் பார்த்தது எல்லாம் கலந்த கலவை. அழகாகத்தான் இருந்தது. கடற்காற்றில் மூன்றே மாதத்தில் ஓரம் சுருண்டு, பசை விட்டுத் தொங்கியது.

அதற்கு முன்னாலேயே விதிகள் தொங்கிவிட்டன. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வாரத்தில் பாதி நாள் பிந்தி வருவான். நானும் விதிப்படி வெளியே நிறுத்துவேன். ஒரு வாரம் நின்றான், அடுத்த வாரம் வரவே இல்லை. சாயங்காலம் வீடு தேடிப் போனேன். அவன் அம்மா பாசிக்குப் போகிறவர், அதாவது கடலுக்குள் பாறையில் வளரும் கடற்பாசியைப் பறித்துப் பிழைப்பவர். விடியும் முன்பே வள்ளம் ஏறிவிடுவார். பையன் எழுந்து, தங்கச்சிக்கு முகம் கழுவி, தண்ணீர் வண்டி வந்தால் இரண்டு குடம் பிடித்து வைத்து, அவளைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடியில் இருக்கும் அப்பத்தா வீட்டில் விட்டுவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்திருக்கிறான். நான் ஒன்பதே கால் என்று வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

கையெழுத்துக் கதை இன்னும் மோசம். ஒரு பெண் பிள்ளை, கையெழுத்து வாங்காமல் வந்ததற்கு இரண்டு தடவை திட்டு வாங்கியவள். மூன்றாம் நாள் நோட்டை நீட்டினாள். 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் அவளுடைய குண்டுக் கையெழுத்தில் 'அப்பா' என்று எழுதியிருந்தது. பெயர்கூட இல்லை, வெறும் 'அப்பா'. ஏமாற்றுகிறாயா என்று சத்தம் போட்டேன். "எங்கப்பா கடலுக்குப் போயிருக்காக டீச்சர். அதான் நான் அவுகளுக்குப் போட்டேன்" என்றாள். அது ஏமாற்று என்றே அவளுக்குத் தெரியவில்லை. இப்போது யோசித்தால் எனக்கும் அப்படித் தோன்றவில்லை.

பதினான்கை விட்டு இறங்கி வந்தது 2018 கூட்டத்தில். வந்தவர்கள் முக்கால்வாசி பாசிக்குப் போகிற பெண்கள். சார்ட்டை மறுபடி எழுதி நான் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா விரல்களில் சுற்றிய துணிக் கிழிசலைப் பிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பாறையில் பாசி பறிக்கும்போது விரல் கிழியாமல் இருக்கச் சுற்றுகிற துணி. வாசித்து முடித்ததும், "பதினாலா போட்டுருக்கீக? நாங்க ரெண்டுதேன் போட்டோம், ரெண்டையும் மீற மாட்டோம்" என்றார்.

அன்றைக்குத்தான் விவரமாகக் கேட்டேன். மன்னார் வளைகுடாவில் 21 தீவு. 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகு தீவோரம் பாசி எடுக்கப் போனால் கெடுபிடி. கடலுக்குள் போகாமல் இருக்கவும் முடியாது, பாசி தீர்ந்து போனால் பிழைப்பும் கிடையாது. பெண்களே கூடிப் பேசிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான், அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. பாசியைக் கையால்தான் பறிக்க வேண்டும், இரும்பு வைத்துச் சுரண்டக் கூடாது. இந்த மாதிரி வேலைக்காகத்தான் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் லட்சுமி அக்காவுக்கு 2015இல் அமெரிக்காவிலிருந்து, தீவுகளைக் காக்கப் பாடுபடும் சீகாலஜி அமைப்பின் விருது கொடுத்தார்கள். எங்கள் கூட்டத்தில் இருந்தவர்கள் விருது வாங்கியவர்கள் இல்லை. ஆனால் அமாவாசை கழிந்து ஏழாம் நாள் ஒருத்தி வள்ளம் ஏறினால் மற்றவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

"யார் போட்ட விதி, அதை மீறினால் யார் கேட்பா?" என்றேன். "நாங்கதேன் போட்டோம், நாங்கதேன் கேப்போம்" என்றார் அந்த அக்கா.

சரி, நீங்களே போடுங்கள் என்று சாக்பீஸைக் கொடுத்துவிட்டேன். யாரும் எழுந்து வரவில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். அப்புறம் வருஷா வருஷம் அடித்தும் திருத்தியும் இப்போது ஒரு பக்கக் காகிதத்தில் ஏழு விதி நிற்கிறது. அதில் இரண்டு எனக்கு. டீச்சர் லீவு போட்டால் முந்தின நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். பிள்ளை மீது குறை இருந்தால் நாலு பேர் முன்னால் கூட்டத்தில் சொல்லக் கூடாது, தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். இரண்டாவதைச் சொன்னவர் முந்தைய வருஷம் என்னால் கூட்டத்தில் தலை குனிந்தவர். அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

கையெழுத்துக்குப் பதிலாக வந்தது இது: சாயங்காலம் ஐந்து நிமிஷம் பிள்ளை வாசிப்பதை வீட்டில் யாராவது காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்டவர் நோட்டில் தனக்குப் பிடித்த அடையாளம் ஒன்று போட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஓர் அப்பத்தா தினமும் மூன்று புள்ளி வைத்து அதைச் சுற்றி ஒரு வளைவு போடுவார், சின்னக் கோலம் மாதிரி. ஒரு தாத்தா தன் வலை மிதப்பில் போடுகிற அடையாளத்தையே போடுகிறார், ஒரு பெருக்கல் குறியும் அதன் கீழ் ஒரு கோடும். ஒரு நாள் அந்தக் குறி கொஞ்சம் நேராக, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது. "இது தாத்தா போட்டதா?" என்றேன். பையன் தரையைப் பார்த்தான். எந்த விதிக்கும் ஒரு சந்து உண்டுதான்.

அடி விஷயத்தில்தான் இன்னும் மல்லுக்கட்டு. முதல் நாள் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போதே, "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க டீச்சர்" என்று சொல்லாத அப்பா கிடையாது. அதை அன்பாகத்தான் சொல்கிறார்கள். என்னை நம்பி ஒப்படைக்கிறார்களாம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனம் நோகப் பேசவும் கூடாது என்கிறது என்று சொல்வேன். "சட்டம் கெடக்கு, நாங்க எதுவும் கேக்க மாட்டோம்" என்பார்கள். சட்டம் எடுபடாத இடத்தில் வேறு வழியில் போக வேண்டியிருக்கிறது. "அடி வாங்கின பிள்ளை அடுத்த நாள் பாசி நாளா இல்லையான்னு பார்க்காது, எல்லா நாளும் லீவுதான். நான் அடிக்கணுமா, அவன் வரணுமா?" என்று கேட்பேன். அதற்குக் கொஞ்சம் மசிவார்கள்.

இதில் நான் கறாராகக் கேட்டு வாங்கிய விதி ஒன்று உண்டு. வீட்டில் பிள்ளை சோறு சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்றால், "இரு, டீச்சர்ட்ட சொல்றேன்" என்று மிரட்டக் கூடாது. என்னைப் பூச்சாண்டி ஆக்கி அனுப்பினால், மறுநாள் அந்தப் பிள்ளை என்னிடம் 'அ' சொல்லவே ஒரு வாரம் ஆகும். அம்மாக்கள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். கடைப்பிடிக்கிறார்களா என்றால், இல்லை. தெருவில் நான் நடந்து போகும்போதே, "அந்தா டீச்சர் வர்றாக, வாயத் தெற" என்று சோறு ஊட்டுகிறார்கள்.

எதிர்பார்ப்பு என்று பார்த்தால் பெற்றோருக்குப் பெரிய குறை ஒன்றுண்டு. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை, எந்த வகுப்பு என்று பார்க்காமல் எவ்வளவு தெரியும் என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். "என் மகன் மூணாப்பு, அவனை எதுக்கு ஒண்ணாப்புப் பிள்ளையோட அரும்புல உக்கார வச்சிருக்கீக?" என்று ஓர் அப்பா சண்டைக்கே வந்துவிட்டார். "நீந்தத் தெரியாத பிள்ளையை வயசு எட்டாச்சுன்னு நேரா ஆழத்துல இறக்கி விடுவீங்களா?" என்றேன். யோசித்தார். "எட்டு வயசுல நீந்தத் தெரியாத பிள்ளை எங்க தெருவுல இல்ல" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. ஆனால் பையனை அரும்பில் விட்டுவிட்டுத்தான் போனார்.

பாசி நாளில் தம்பி தங்கையை அங்கன்வாடி திறக்கும்வரை வகுப்பில் உட்கார வைக்கலாம் என்பது இன்னொரு விதி. இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஒருமுறை பார்வையிட வந்த அதிகாரி, மூலையில் உட்கார்ந்து சாக்பீஸ் நக்கிக்கொண்டிருந்த ஒரு குட்டியைக் காட்டி, "இது எந்த நிலை?" என்றார். "அரும்புக்கு முந்தினது சார்" என்றேன். நல்ல மனுஷர், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

கூட்டத்துக்கு நாள் பார்ப்பதும் இப்போது பழகிவிட்டது. விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மறுநாள் கரை திரும்பும். ஆகவே வெள்ளிக்கிழமை. அதுவும் ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டு வர மூன்று மணி. பாசி நாள் வராத வெள்ளியாக இருக்க வேண்டும். காலண்டரில் இந்த மூன்றையும் ஒத்துப் பார்த்தால் மாதம் ஒரு வெள்ளி தேறும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம். படகு போகாது, அப்பாக்கள் எல்லாரும் ஊரில்தான். என்ன, அன்றைக்குப் பெரும்பாலும் பள்ளிக்கும் லீவு விட்டுவிடுவார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டால் யாரும் வாசிப்பதில்லை, குரலில்தான் சொல்கிறேன். நகம் வெட்டுவது, பேன் சீவுவது, அம்மை போட்டால் அனுப்பாமல் இருப்பது எல்லாம் அதிலேயே முடிந்துவிடுகிறது.

பிந்தி வருவதற்கு வருவோம். 2023 ஆகஸ்ட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்த பிறகு பாதிப் பிள்ளைகள் உப்புமா வாசத்துக்கே எட்டரைக்கு வந்துவிடுகிறார்கள். மீதிப் பேருக்குப் புது விதி: பிந்தி வந்தால் வெளியே நிற்க வேண்டாம், திட்டும் கிடையாது. வந்த வழியில் பார்த்ததை ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும், நான் கரும்பலகையில் எழுதுவேன், எல்லாரும் வாசிப்பார்கள். 'கரையில் ஆமை செத்துக் கிடந்தது.' 'மாமா வள்ளத்தில் ஓட்டை.' 'ஆடு பனங்கிழங்கைத் தின்றுவிட்டது.' பாடப் புத்தகத்தை விட இதை வேகமாக வாசித்தார்கள். எனக்கு ஒரே பெருமை. அடுத்த வாரம் பார்த்தால், சரியான நேரத்துக்கு வருகிற நான்கு பேர் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் கருவேலமரத்தடியில் ஒளிந்திருந்து, மணி அடித்த பிறகு ஓடி வருகிறார்கள். ஒவ்வொருவன் கையிலும் ஒரு வாக்கியம். விதியைத் திருத்த வேண்டியதாயிற்று: நேரத்துக்கு வந்தவர்கள் முதலில் சொல்வார்கள், பிந்தியவர்கள் கடைசியில்.

போன மாதம் நான் வருகிற பேருந்து உச்சிப்புளி தாண்டி நின்றுவிட்டது. ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேரும்போது ஒன்பதே முக்கால். பிள்ளைகள் சாக்பீஸோடு காத்திருந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பலகையைக் காட்டினார்கள். 'பேருந்து வழியில் நின்றுவிட்டது' என்று எழுதினேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தாள். பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது:

"இது போன தடவை சொன்னதுதானே டீச்சர், புதுசு சொல்லுங்க."